எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

"ஒரு நல்ல ரவுட்டரா சொல்லேன்" என்று யாராவது கேட்டால், கம்பெனிப் பெயரையோ மாடல் நம்பரையோ நான் உடனே சொல்வதில்லை. "ஃபைபர் கேபிள் உங்க வீட்ல எந்த ரூம்ல வந்து நிக்குது?" என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டு வைஃபை நன்றாக இருப்பதும் இல்லாமல் போவதும் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்ததுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்து, பழைய தொல்லையையே அனுபவிக்கும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல ரவுட்டர் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான். வாங்கி மாட்டிய பிறகு அது வீட்டில் இருக்கிற ஞாபகமே யாருக்கும் வரக் கூடாது. வாரம் ஒருமுறை "அதை ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடு" என்று யாராவது குரல் கொடுக்கும் வீட்டில், ஸ்பீடு டெஸ்ட்டில் எவ்வளவு வந்தாலும் அது நல்ல ரவுட்டர் இல்லை.

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். கீழும் மேலுமாக இரண்டு தளம். இணையக் கம்பெனிக்காரர்கள் வந்து வாசல் அறையில், இபி மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மோடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கேபிள் அங்கேதான் உள்ளே நுழைகிறது, அவர்களுக்கு அதுதான் சுலபம். அத்தை மகனுக்கோ ஆபீஸ் வேலை மாடியில் பின்பக்க அறையில். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடையும், படம் உறையும்.

"மச்சான், காசு போனா போகுது, பெருசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றான்.

"வாங்கலாம் மச்சான். முதல்ல கோளாறு லைன்லயா, வைஃபையிலயான்னு பார்த்துடுவோம்."

இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் நேராக மோடத்தில் செருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டோம். பணம் கட்டும் பிளானின் வேகம் குறையாமல் வந்தது. அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, மாடி அறையில் உட்கார்ந்து, கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து மோடத்தின் முகவரியான 192.168.1.1-க்கு பிங் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மோடத்தின் பக்கத்தில் நின்றால் 2, 3 மில்லிசெகண்ட் என்று ஒரே சீராக வரும் பதில், மாடியில் 8, 40, 310 என்று தாறுமாறாக வந்தது. நடுநடுவே பதிலே இல்லை. வெளியுலகத்துக்குப் போகாமல், வீட்டுக்குள்ளேயே கீழ்த்தளத்துக்குப் போய்வரும் பாதையிலேயே தகவல் தொலைந்துகொண்டிருந்தது. அப்படியானால் கோளாறு வைஃபையில். இதற்கு மாறாக, 192.168.1.1 சீராக இருந்து, வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்கு மட்டும் பதில் தடுமாறினால், நீங்கள் போட வேண்டியது கம்பெனிக்குப் போன். ரவுட்டர் மாற்றுவதால் ஒரு பயனும் இராது. மோடத்தில் 'லாஸ்' என்கிற விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படித்தான். அது ஒளியே வரவில்லை என்று சொல்கிறது. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது கதவிடுக்கில் மடங்கி நசுங்கியிருக்கும்.

சிக்னல் ஏன் மாடிக்குப் போகவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும், ஆனால் மெதுவானது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் ஊர் வீடுகளோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமுமாக நிற்பவை. அமெரிக்க வீடியோக்களில் மரப்பலகையும் ஜிப்சமும் வைத்துக் கட்டிய வீட்டுக்கு நடுவில் ஒரே ரவுட்டரை வைத்து, மூலை முடுக்கெல்லாம் கிடைக்கிறது என்று காட்டுவார்கள். அந்தப் பேச்சு கான்கிரீட் கூரைக்குச் செல்லாது. போதாததற்கு இரும்பு பீரோ, அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் எல்லாமே அலையைத் திருப்பி அடிப்பவை அல்லது விழுங்குபவை.

பெரிய ரவுட்டர் வாங்கினால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகாதா என்று கேட்பார்கள். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், உங்கள் செல்போன் பதில் சொல்ல வேண்டுமே. செல்போனின் சின்ன ஆண்டெனாவும் சின்ன பேட்டரியும் அனுப்பும் அலை அந்தச் சுவரைத் தாண்டித் திரும்பி வந்தால்தான் இணைப்பு நிற்கும். திரையில் சிக்னல் முழுதாகக் காட்டியும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா என்று நண்டுக்கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான போன்களில் வைஃபைக்கு இரண்டு ஆண்டெனாதான், மலிவான போன்களில் ஒன்றே ஒன்று.

அத்தை வீட்டில் செய்தது இவ்வளவுதான். ஃபைபரை இன்னும் கொஞ்சம் இழுத்து மோடத்தை வாசல் அறையிலிருந்து நடுக்கூடத்துக்கு, மாடிப்படி ஓரமாகக் கொண்டுவந்தோம். அங்கிருந்து ஒரு கேட்6 கேபிளைப் படிக்கட்டுச் சுவரோரம் மேலே ஏற்றி, மாடியில் நடுத்தரமான ஒரு ரவுட்டரை வைத்து, அதை வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்ஸஸ் பாயின்ட்டாக மாற்றினோம். பெரிய மாளிகை ஒன்றுமில்லாத ஒரு மாடி வீட்டுக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது. மேலும் கீழும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட். மேல் ரவுட்டரில், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பல ரவுட்டர்களில் இதற்கென்றே 'ஆக்ஸஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

அங்கே ஒரு சங்கதி நடந்தது. கேபிள் இழுக்க வந்தவர் இரண்டு முனையும் கிரிம்ப் செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாடியில் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை, பிளானோ 200. இந்த 94 என்ற எண்ணைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். எங்கோ ஓரிடத்தில் கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம், மிச்சம் சொச்சம் தகவலின் மேலுறைக்குப் போய்விடும். கிளிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எட்டுக் கம்பி போக வேண்டிய இடத்தில் நாலு கம்பிதான் போயிருந்தது. மற்ற நாலையும் ஓரத்தோடு நறுக்கிவிட்டிருந்தார். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். திரும்பக் கிரிம்ப் செய்ததும் முழு வேகம் வந்துவிட்டது. கேபிள் வாங்கும்போதும் அலுமினியத்துக்குமேல் செம்பு பூசிய மலிவு ரகத்தைத் தவிர்த்து, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் போகும் பொருளில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கக் கூடாது.

அந்த 94 கேபிளில் மட்டும் இல்லை, பெட்டிக்குள்ளேயும் ஒளிந்திருக்கும். ரவுட்டர் வாங்குபவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதைத்தான். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் 'ஏசி1200' என்று போட்ட பெட்டிகள் அடுக்கியிருக்கும். 1200 எம்பிபிஎஸ் என்று நினைத்து வாங்குவார்கள். அது 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமைப்படுத்திய எண். உங்கள் போன் ஒரு சமயத்தில் ஒன்றில்தான் இருக்கும். 'ஏஎக்ஸ்3000' என்றால் 574-ஐயும் 2402-ஐயும் கூட்டியது. அந்த 2402-உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், போனும் அதே அகலத்தை ஏற்றால் மட்டும் எட்டக்கூடிய ஏட்டுக் கணக்கு. இதைவிட முக்கியம் பின்பக்கத் துளைகள். டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200 ரகம்தான். ஆனால் சி50-இன் துளைகள் 100 எம்பிபிஎஸ், சி6-இன் துளைகள் கிகாபிட். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டில் முதலாவதை வைத்தால், வைஃபை 867 என்று சொன்னாலும் உள்ளே நுழையும் வாசல் 100-தான். பெட்டியில் '10/100' என்றிருந்தால் வைத்துவிடுங்கள், '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்றிருந்தால் எடுங்கள். உங்கள் பிளான் இன்றைக்கு 50-ஆக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிளானை நாளைக்கே மாற்றிவிடலாம், ரவுட்டர் ஐந்தாறு வருஷம் நிற்கப்போகிற பொருள்.

தலைமுறை எண்களில் குழம்ப ஒன்றுமில்லை. 2018-இல் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 802.11 என்று தொடங்கும் பழைய பெயர்களை விட்டுவிட்டு எண்களாக மாற்றியது. 2009-இல் வந்தது வைஃபை 4, 2013-இல் வந்தது வைஃபை 5, 2019-இல் சான்றிதழ் பெறத் தொடங்கியது வைஃபை 6. இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் வைஃபை 6 வாங்குங்கள் என்பேன். உச்ச வேகத்துக்காகச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அலையைப் பகிர்ந்து கொடுக்கும் முறை அதில் சேர்ந்திருக்கிறது. இப்போது எண்ணிப் பார்த்தால் ஒரு சாதாரண வீட்டிலேயே ஆளுக்கொரு போன், டிவி, லேப்டாப், வாசல் கேமரா, ஏசி என்று ஏகப்பட்டது வைஃபையில் தொங்குகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று இருபது முப்பது பெயர் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகிறது. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் இடம் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனால் ஃப்ளாட்டில் இருப்பவர்கள் டிவியையும் லேப்டாப்பையும் போன்களையும் 5-இல் வைத்துவிட்டு, கேமரா, பல்பு, பிளக் போன்றவற்றுக்கு மட்டும் 2.4-ஐ ஒதுக்கலாம். 2.4-இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 40 வைத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் லாபமில்லை.

அடுத்தது பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று, மென்பொருள் புதுப்பிப்பு. ரவுட்டர் என்பது இரவும் பகலும் இணையத்தின் தெருவாசலில் நிற்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும். கம்பெனி அதை அடைக்க வேண்டும். 2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்குள்ளும் சேமிப்புக் கருவிகளுக்குள்ளும் புகுந்திருப்பது வெளியே வந்தது. வீட்டு ரவுட்டர்களை எல்லோரும் ஒருமுறை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஆகவே வாங்குவதற்கு முன்னால் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் 'டவுன்லோட்ஸ்' பக்கத்துக்குப் போய், கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'வெர்ஷன்' என்று ஒரு எண் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப்பையே மாற்றி வேறு வெர்ஷனாக விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். இணையத்தில் நீங்கள் படித்த விமர்சனம் வேறொரு வெர்ஷனைப் பற்றியதாக இருக்கலாம்.

கொஞ்சம் தொழில்நுட்ப ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரின் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து கிளைத்து 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. கம்பெனி கைவிட்ட ரவுட்டரைக்கூட ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பாக ஓட வைக்கும் திறந்த மூல மென்பொருள் இது. உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்ல முதலீடு. இன்னொரு பலனும் உண்டு. போனிலிருந்து படங்கள் மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் திக்கித் திணறுகிறதா? ரவுட்டரும் மோடமும் தகவலை நீளமான வரிசையில் நிறுத்திவைப்பதால் வரும் தாமதம் அது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற வசதியைப் போட்டு, லைனின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் குறைவாக எல்லை வைத்தால் அந்தத் திணறல் அடங்கும். இதை ஒருமுறை சரியாக அமைத்த வீட்டில், பிளானின் வேகத்தைக் கூட்ட வேண்டிய தேவையே பல சமயம் எழாது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ரவுட்டர் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுவதில் பல, உண்மையில் அடாப்டர் கெட்டுப்போனவைதான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்து வலுவிழக்கும். விளக்கு எரியும், ஆனால் சுமை கூடும்போது ரவுட்டர் தானாக அணைந்து எழும். புது ரவுட்டர் வாங்குமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதன் முதுகில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணைந்து எழும் வீடுகள் உண்டு. லைன் மறுபடி பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடும். வேலை நேர்காணலில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நிமிஷம் சின்ன விஷயம் இல்லை. இதற்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்துக்கும் ரவுட்டருக்கும் போட்டுவிடுங்கள். இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து அதற்குத் தாங்குவதாக வாங்க வேண்டும். ரவுட்டரின் விலையில் ஆயிரம் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். டிவி ஷோகேஸின் மூடிய அறைக்குள் ரவுட்டரை வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சித்திரை வைகாசியில் அந்தப் பெட்டிக்குள் காற்றே புகாது. சூட்டில் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் நின்றுபோகும். காற்றோட்டத் துளை வழியாக எறும்பு புகுந்து குடியேறுவதும் நம் ஊரில் சகஜம். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேல் மாட்டினால் சூடும் தணியும், சிக்னலும் பரவும்.

இணையக் கம்பெனி கொடுத்த மோடத்திலேயே வைஃபை இருக்கும்போது தனி ரவுட்டர் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒரே தளம், மோடம் நடுவில் என்றால் வேண்டாம், அதுவே போதும். தனியாக வாங்கினால் மோடத்தை, ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் 'பிரிட்ஜ் மோட்'டில் போட்டுத் தரும்படி கம்பெனியிடம் கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு பெட்டியும் தனித்தனியே முகவரி மாற்றிக்கொண்டு, கேமிங்கும் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதும் சிக்கலாகும். மறுத்தால் கவலை வேண்டாம், உங்கள் ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக வைத்து, மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

கேபிள் இழுக்கவே வழியில்லாத வாடகை வீட்டுக்கு, வைஃபையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பெட்டிகளான மெஷ் செட் சரிவரும். ஆனால் இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள செட்டில், ஒரே அலையில் போனோடும் பேசி, இன்னொரு பெட்டியோடும் பேசுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னலே இல்லாத அறையில் இரண்டாவது பெட்டியை வைத்தால் அதற்கு எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

வாங்கி வந்த அன்றைக்கே செய்ய வேண்டியவை சில. நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணையுங்கள், அதன் எட்டிலக்க எண்ணை எளிதில் உடைக்கலாம் என்பது 2011-லேயே வெளியான சங்கதி. பாதுகாப்பை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையில் வையுங்கள். டபிள்யூபிஏ3-ஐ மட்டும் வைத்தால் பழைய கேமராவும் பல்பும் சேர மறுக்கும். அந்தக் கேமரா பல்பு வகையறாவைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் தள்ளிவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் உங்கள் லேப்டாப் வரை வராது.

வைஃபை 7 வந்துவிட்டதே, கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அதற்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் முழு அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் கிடைக்கும். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியாயின. 6 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடவும் பலவீனமானது. கான்கிரீட் வீட்டில் அது வைத்த அறையைத் தாண்டிப் பெரிதாக உதவாது. 100, 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கும் வீட்டுக்கு, கிகாபிட் துளைகளும் ஒழுங்கான புதுப்பிப்பும் உள்ள வைஃபை 6 ரவுட்டர் தாராளமாகப் போதும். காத்திருக்க வேண்டாம், மிச்சமாகும் பணத்தில் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.